ஐந்தாவது பிரடை

ஜூன் 6, செவ்வாய்

காலை பிபி 146/90. மாத்திரை மூன்றும் கொடுத்தாயிற்று.

அம்மாவின் பிபியையும் மாத்திரையையும் குறித்து வைக்கச் சொல்லி மகள் பெனிட்டா ஓசூரிலிருந்து அனுப்பிய டைரி இது. பக்கத்துக்கு இருபத்தெட்டு கோடு. பிபிக்கு ஒரு கோடு போதும். மீதியில் நான் என்ன எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள். முப்பத்தாறு வருடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்தவன் நான். லாக் புக் எழுதாமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

என் மனைவி எமல்டாவுக்குப் பக்கவாதம் வந்து வெள்ளிக்கிழமையோடு நான்கு மாதம். இடது கால் திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடது கை வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கிறது. பிசியோதெரபிக்குத் தரணி என்ற பெண் செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். இன்று போகும்போது என்னைக் கேட் வரை கூப்பிட்டுப் பேசினாள். முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் வரவு, அதற்கப்புறம் கஷ்டம், இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, அம்மா முயற்சியே செய்வதில்லை என்றாள். அமுக்கிப் பழகப் பந்தைக் கொடுத்தால் வலது கையால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுகிறாளாம்.

"அவங்களுக்குப் பிடிச்ச வேலை ஏதாவது இருந்தா கொடுங்க சார். ரெண்டு கையும் வேணும்ங்கிற மாதிரி வேலை."

பூக்கட்டுவது என்று சொன்னேன். எமல்டா பூக்கட்டி நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். உண்மையில் அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்காமலே எனக்குத் தெரியும்.

உட்கார முடியவில்லை. கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "கால் வலிக்கலையா" என்று எமல்டா உள்ளிருந்து கேட்டாள். இன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஜூன் 7, புதன்

பிபி 142/88. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். திட்டினாலாவது நன்றாக இருக்கும்.

பத்து மணிக்கு ஸ்டூல் போட்டுப் பரணில் கையை விட்டேன். குடில் பொம்மைப் பெட்டி, பழைய சூட்கேஸ், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் கறுப்புப் பெட்டி. இறக்கிக் கூடத்தில் வைத்துத் திறந்தேன்.

பாஞ்சோ. கட்டையை டைப் அடிப்பதுபோலத் தட்டி வாசிப்பார்களே, அது இல்லை. வட்டச் சட்டத்தில் தோலைப் போர்த்தி, நீளக் கழுத்து வைத்து, ஐந்து கம்பி கட்டியது. எமல்டாவின் அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த மிஸஸ் ரோச் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது இதை எமல்டாவிடம் விட்டுப் போனார். அதற்கு முன்பே வாசிக்கவும் கற்றுக் கொடுத்திருந்தார். அப்போதே பழசு, இப்போது நூறு வயது இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருடம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் பாண்டுக் குழுவில் வாசித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

தோல் நன்றாக இருக்கிறது. கம்பி துரு. கம்பியை முறுக்கி ஏற்றும் மரத்திருகுகள் தலைப்பகுதியில் நான்கு. ஒன்று முறிந்திருக்கிறது, மற்ற மூன்றும் வழுக்குகின்றன. ஐந்தாவது கம்பிக்கான சின்னத் திருகு தலையில் இல்லை, கழுத்தின் பாதியில் பக்கவாட்டில் இருக்கும். அதன் துளை மட்டும் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது விழுந்திருக்கும்.

எமல்டா கட்டிலில் இருந்தே பெட்டியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 9, வெள்ளி

பிபி 140/88.

தரணிக்குப் பாஞ்சோவைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். கம்பியை அமுக்கவும் இடது கை, திருகைத் திருப்பவும் இடது கை, இதைவிட வேறு என்ன வேண்டும் என்றாள். நாளைக்கே கொடுங்கள் என்றாள். திருகு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றேன். ஒன்றைக் காணவே காணோமே என்று கேட்டாள். எலி இழுத்துப் போயிருக்கும் என்றேன்.

எமல்டா அப்போது கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா என்று தெரியவில்லை.

ஜூன் 10, சனி

பிபி 144/90. கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வைக்கச் சொன்னதற்கு அந்த ஆள் முகத்தைச் சுளித்தான், நானும் சுளித்தேன்.

திருகுகளை அளந்தேன். வெர்னியர் அளவுகோல் டூல் பாக்ஸின் மேல்தட்டிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கீழ்த்தட்டைக் கிளற வேண்டியிருக்கவில்லை.

தலையின் பின்பக்கத் துளை எட்டு புள்ளி ஆறு மில்லி. நான்கும் ஒன்றுபோல. பழைய திருகு ஒன்றை உருவி அளந்தேன். பிடிப் பக்கம் எட்டு புள்ளி ஆறு, நுனிப் பக்கம் ஏழு புள்ளி ஒன்பது. அவ்வளவு தேய்மானம். முப்பது வருடம் சும்மா கிடந்ததற்கே இத்தனை தேய்ந்தால் என்ன மரமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு வேலை நானாகச் செய்து கொடுக்க முடியும் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. மாத்திரையும் கஞ்சியும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஜூன் 13, செவ்வாய்

பிபி 138/86.

மூன்று நாளாகச் செல்போனில் திருகுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரத்தில் செய்தது, பழசு போலவே இருக்கும், ஆனால் அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், விட்டால் வழுக்கும். இரும்புத் திருகில் பின்னால் ஒரு ஸ்குரு இருக்கிறது, அதை இறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, வெளியே பார்த்தால் சாதாரணத் திருகு, உள்ளே பொடிப் பொடியாகப் பல்சக்கரம். நான்கு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். ஒரு விரலே போதும். இந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை சக்கரத்தையும் அடக்கியவனைப் பார்த்தால் கை கொடுக்கலாம்.

கிட்டாருக்குப் போடும் கீயும் பார்த்தேன். பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு ஆகாது.

எமல்டாவிடம் படத்தைக் காட்டினேன். கறுப்புப் பிடியா, வெள்ளைப் பிடியா என்று கேட்டேன். செல்போனை வலது கையால் மெல்ல விலக்கினாள்.

நோயாளி என்று பார்க்காமல் எனக்குக் கோபம் வந்தது. வராண்டாவில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுத் தேங்காய் நம் பக்கம் விழுகிறது என்று அவர்களிடம் பத்து நிமிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நான்கு வருடமாக விழும் தேங்காய்தான்.

ஜூன் 14, புதன்

பல்சக்கரம், கறுப்புப் பிடி. தண்டு எட்டு புள்ளி ஐந்து. ஆர்டர் போட்டாயிற்று. பிபி எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17, சனி

பிபி 140/86. பார்சல் வரவில்லை.

பால் வாங்கப் போய் வந்தேன். பாஞ்சோ மேல் போட்டிருந்த துணி விலகிக் கிடந்தது. நம் வீட்டில் பூனை கிடையாது.

ஜூன் 21, புதன்

பிபி 138/84. பார்சல் வந்தது. அருமையான வேலைப்பாடு. பின்பக்கம் அளவாக நுழைந்தது, பாதியில் நின்றுவிட்டது. எண்ணெய் போட்டேன். நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முன்பக்கத்தை அப்போதுதான் அளந்தேன். ஏழு புள்ளி ஒன்பது. தேய்மானம் என்று நான் எழுதி வைத்தது தேய்மானமே இல்லை. துளையே ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். டேப்பர். அப்ரண்டிஸ்களுக்கு டேப்பர் வேலைக்குப் பாடம் எடுத்தவன் நான். துளை என்றால் நேராக இருக்கும் என்று கை பழகிப்போய் முன்பக்கம் அளக்கவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வாரத்துக்கு அவனைத் தூங்கவிட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 22, வியாழன்

பிபி 148/92.

துளையைப் பெரிதாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ரீமரை நான்கு சுற்று சுற்றினால் நேராகிவிடும். என் ரீமர் டூல் பாக்ஸின் கீழ்த்தட்டில் இருக்கிறது. எதற்கு அதையெல்லாம் கிளறுவது என்று அடுத்த தெரு பிட்டரிடம் இரவல் வாங்கி வந்தேன்.

பாஞ்சோவின் தலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ரீமரைத் துளையில் வைத்தேன்.

"ஓட்டையில கை வைக்காதீங்க."

எமல்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலிலிருந்து தானாக எழுந்து அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

நேராக இல்லாததால் புதுசு போகவில்லை என்று விளக்கினேன். "அது அப்படித்தான்" என்றாள். அழுத்தித் திருப்ப வேண்டியிருக்குமே, உன் கைக்கு ஆகுமா என்று கேட்டேன். "பெருசாக்கினா திரும்பச் சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

முடியாதுதான். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, முதல் நாள் வருகிற பையனுக்கே அதைத்தான் சொல்வோம்.

ஆனால் பேசினாள். பாஞ்சோவைப் பற்றிப் பேசினாள்.

ஜூன் 24, சனி

பிபி 140/86.

தெப்பக்குளம் பக்கம் முபாரக் என்பவர் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறார். வயலின் பழுது பார்ப்பதில் பேர் போனவர் என்று கேள்விப்பட்டுப் பாஞ்சோவைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். எமல்டாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாவை உட்கார வைத்தேன். தேங்காய்ச் சண்டையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முபாரக்குக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நான் நடந்ததைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், நீங்க ரயிலுக்கு அளந்திருக்கீங்க" என்றார். வயலினிலும் இதே கதைதானாம். அவர் கடையில் இந்தத் திருகுக்குப் பிரடை என்று பேர். கூம்பு மாதிரி இழைத்திருப்பதால்தான் அழுத்தினால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. நேர்த்துளையில் மரப்பிரடை நிற்கவே நிற்காது என்றார். நான் ரீமரைச் சுற்றியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

கருங்காலியில் ஐந்தும் புதிதாகச் செய்து தருகிறேன் என்றார். ஆனால் மாதிரிக்குத் தேயாத பழைய பிரடை ஒன்று வேண்டுமாம். இந்த நான்கையும் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், கூம்பின் சரிவு இவற்றில் சரியாகத் தெரியாது. கழுத்தில் இருக்கும் ஐந்தாவதை யாரும் அவ்வளவாகத் தொட மாட்டார்கள், அது இருந்தால் அதை வைத்தே மற்ற நான்குக்கும் சரிவைப் பிடித்துவிடலாம் என்றார்.

"அது எங்க சார்?"

தொலைந்துவிட்டது என்றேன். குவார்ட்டர்ஸ், எலி, இப்போது வெறும் தொலைந்தது. கேட்பவருக்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன்.

வீட்டில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் குத்துமதிப்பாகத்தான் செய்ய முடியும் என்றார். பாஞ்சோவை அங்கேயே விட்டு வந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

பிபி 136/84.

அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய மரப்பிரடைதான் வரப்போகிறது என்று தரணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. அழுத்தவும் வேண்டும் திருப்பவும் வேண்டும் என்றால் அதுதான் நல்ல பயிற்சி, ஒரு விரலால் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்றாள். மூன்று நாள் கண் வலிக்கப் பார்த்து நான் தேர்ந்தெடுத்த பல்சக்கரத்துக்கு இந்த மரியாதை.

இன்று பந்தைக் கொடுத்தபோது எமல்டா அதை இடது உள்ளங்கையில் வைக்கச் சம்மதித்தாள். விரல் மடங்கவில்லை. பந்து உருண்டு போயிற்று.

ஆறு வாரம் இருக்கிறது.

ஜூன் 30, வெள்ளி

அது தொலையவில்லை.

ஜூலை 1, சனி

பிபி 138/84. காலையில் பெனிட்டா போன் செய்தாள். அப்பா ஏன் ஒரு மாதிரி பேசறீங்க என்றாள். சளி என்றேன்.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

1992, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள். சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். எமல்டா ஒரு மாதமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பெனிட்டா அப்போது கைக்குழந்தை, எட்டு மாதம் முடிந்து பல் முளைக்கிற நேரம். பாஞ்சோவை மடியில் வைத்தால் அவளும் மடியில் ஏறி அந்தச் சின்னப் பிரடையைக் கடிப்பாள்.

அந்த வாரம் டீ நேரத்தில் கூட வேலை பார்த்த ரத்தினம் சொன்னான், உன் வீட்டுக்காரி மேடையில் சிரித்துக்கொண்டே வாசிப்பதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று. அவன் தப்பாகச் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவனும் இல்லை. எனக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது. சிரித்துக்கொண்டே வாசிக்கிறாள் என்பது உண்மை. அந்தச் சிரிப்பை வீட்டில் நான் பார்த்ததில்லை. அவள் வாசிக்கும்போது நான் என்று ஒருவன் இருப்பதே அவளுக்கு ஞாபகம் இருக்காது. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் ஏன் என்று கேட்டிருப்பாள்.

திங்கள் காலை அவள் குளிக்கப் போனபோது ஐந்தாவது பிரடையை உருவி எடுத்தேன். பல்பொடி டப்பாவில் போட்டு டூல் பாக்ஸின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

நாள் பூராவும் தேடினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், குப்பையைக் கொட்டிக் கிளறித் தேடினாள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று அழுதாள். நானும் தேடினேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு, பீரோவுக்கு அடியிலெல்லாம் அடித்துப் பார்த்தேன். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எடுத்ததைக்கூட ஒருவேளை சொல்லிவிடுவேன். கூடச் சேர்ந்து தேடியதை எப்படிச் சொல்வது.

டான்ஸுக்குப் போகவில்லை. மறுநாள் பாஞ்சோவைப் பெட்டியில் வைத்து மூடினாள். வேறு ஒன்று செய்து தருகிறேன் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேர வேலை அது.

ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல பாகத்தை எறிந்து எனக்குப் பழக்கமில்லை. வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

ஜூலை 3, திங்கள்

பிபி 136/82.

எமல்டா தூங்கும்போது கீழ்த்தட்டைத் திறந்தேன். டப்பா வைத்த இடத்தில் இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்தேன், சுலபமாகத் திறந்துகொண்டது.

முபாரக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு சார் இதைக் கடிச்சது?" என்று கேட்டார். மகள் என்றேன். சரிவு அப்படியே இருக்கிறது, இனிமேல் கவலை இல்லை, இதையே துடைத்துக் கழுத்தில் போட்டுவிடலாம், நான்கு புதுசு செய்தால் போதும் என்றார். வேண்டாம், ஐந்தும் புதிதாகச் செய்யுங்கள், இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதுதான் யோசனை. ஐந்தும் புதுசு. பழசு மறுபடி டப்பாவுக்குள். எமல்டாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். இந்த நிலைமையில் இதைச் சொன்னால் பிபி ஏறிவிடும்.

ஜூலை 7, வெள்ளி

பிபி 134/82. தரணி வந்தாள். எமல்டாவின் கட்டைவிரல் லேசாக அசைகிறது. "பாஞ்சோ எப்பம்மா வருது" என்று தரணி கேட்டதற்கு, "சாரைக் கேளு" என்றாளாம்.

ஜூலை 10, திங்கள்

பிபி 136/84.

பாஞ்சோ வந்துவிட்டது. ஐந்து பிரடையும் பளபளவென்று இருக்கின்றன. கம்பி புதுசு. முபாரக் ஒரு சாக்பீஸும் ஒரு துண்டு சோப்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வழுக்கினால் சாக்பீஸ், இறுகினால் சோப்பு, இரண்டுக்கும் கேட்கவில்லை என்றால் கடைக்கு வாருங்கள் என்றார். பழைய பிரடையைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் போடப் போனேன். எமல்டா முழித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

இன்றும் போடவில்லை. சட்டை மாற்றும்போது இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டேன். தரணி காய்ச்சலென்று வரவில்லை. பிபி அவளுக்கு 134/82. எனக்கும் எடுத்துப் பார்த்தேன், 160/100.

ஜூலை 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "எடுத்துட்டு வாங்க" என்றாள். எதை என்று கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி பாஞ்சோவை மடியில் வாங்கிக்கொண்டாள். தோலை வலது கையால் தடவினாள். தலையில் இருந்த நான்கு பிரடைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நன்றாகச் செய்திருக்கிறான் என்றாள். பிறகு விரல் கழுத்து வழியாக இறங்கி ஐந்தாவதில் வந்து நின்றது. பெருவிரலால் அதன் ஓரத்தை வருடிப் பார்த்தாள். வருடிக்கொண்டே இருந்தாள்.

"இது புதுசு."

எல்லாமே புதுசுதான் என்றேன். எலி, குவார்ட்டர்ஸ் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பழசு உங்க டூல் பாக்ஸ்ல இருந்துச்சே. பல்பொடி டப்பாவுல."

நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது, உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை. எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். மிக்ஸி கைப்பிடி கழன்றபோது ஸ்குரு டிரைவர் தேடப் போனாளாம். பெனிட்டா அப்போது ஒன்றாம் வகுப்பு.

"நீங்களா எடுத்துக் கொடுப்பீங்கன்னு பார்த்தேன். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி டப்பாவைத் திறந்து பார்ப்பேன். வச்ச இடத்துலயே இருக்கும். இந்த வருஷம்தான் எழுந்திருக்க முடியல." என் பக்கம் திரும்பினாள். "இருக்கா?"

டப்பா ஏன் அவ்வளவு சுலபமாகத் திறந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். அவசரத்தில் காகிதம் கிழிந்தது. ஏன் எடுத்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். ரத்தினம் பெயரைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். மன்னித்துவிடு என்றேன்.

"தாங்க."

வலது கை பாஞ்சோவின் கழுத்தைப் பிடித்திருந்தது. அதை எடுக்கவில்லை. மடியில் கிடந்த இடது கை எழுந்தது. முழங்கை முதலில், பிறகு மணிக்கட்டு, ஆடிக்கொண்டே ஒரு சாண் உயரம் எழுந்து, உள்ளங்கை மேல்பக்கம் திரும்பியது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. ஐந்து மாதமாகத் தரணியும் நானும் கெஞ்சியதற்கு வராத கை.

பிரடையை அதில் வைத்தேன். விரல்கள் மடங்கப் பார்த்தன. பாதியில் கை சரிந்துவிட்டது. பிரடை தரையில் விழுந்து, துள்ளி, கட்டிலுக்கு அடியில் எங்கேயோ உருண்டு போயிற்று.

டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். பழைய செருப்பு, தரணி கொடுத்த பந்து, தூசி. கண் கலங்கியதில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. எமல்டா மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியும். சுவரோரம் கையால் துழாவித் துழாவி, மார்பு தரையில் பட ஊர்ந்து போய்த் தேடினேன். இந்தத் தடவை நிஜமாகவே தேடினேன்.

கடைசியில் கட்டில் காலுக்குப் பின்னால் கிடைத்தது.

மறுபடியும் உள்ளங்கையில் வைத்தேன். இப்போது கட்டைவிரல் முதலில் மடங்கியது. அப்புறம் மற்றவை, ஒன்றும் முழுசாக இல்லை, ஆனாலும் விழாமல் பிடித்துக்கொண்டாள். புதுப்பிரடையைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். பழசை அதன் துளையில் அவளே வைத்தாள். மூன்று தடவை தவறியது. நான் கை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

கம்பியை மாட்ட மட்டும் என்னை விட்டாள். மாட்டி முடித்ததும், "நீங்க வெளிய போங்க" என்றாள்.

வெளியே போய்த் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்றேன். உள்ளே ஒரு கம்பி மட்டும் ஒலித்தது. ஏறியது, வழுக்கி இறங்கியது, மறுபடி ஏறியது. முக்கால் மணி நேரம் அதே கம்பி. பிறகு ஐந்து கம்பியையும் சேர்த்து ஒரு தடவை மீட்டினாள். இடது கை எதையும் அமுக்காமலே அது சேர்ந்து ஒலிக்கும் என்று அந்தக் காலத்தில் ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

ஜூலை 13, வியாழன்

பிபி 132/80. மாத்திரை மூன்றும் கொடுத்தாயிற்று. கஞ்சியில் உப்பு அதிகம் என்றாள். கூடத்தைப் பெருக்கும்போது பார்த்தேன், ஐந்தாவது கம்பி தளர்ந்து தொங்குகிறது. பிரடை இரவோடு வழுக்கியிருக்கும். சாக்பீஸை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பிரடையை நான் தொடவில்லை.